கல்லுப்பில் வந்த சதைத் துணுக்கு

வலது கை சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றியது. இடது கை சின்னத் தூரிகையோடு கத்தியின் ஓரத்தில் காத்திருந்தது. மெழுகுக் கட்டி ஒருமுறை ஏறி இறங்கினால் கத்தியின் மேல் ஒரு சீவல் விழ வேண்டும். விழுந்தது, நடுவில் கிழிந்து விழுந்தது. கைகள் நின்றன. கட்டியைக் கழற்றி, அதன் முகத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் கவிழ்த்து வைத்தன. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, ஒற்றித் துடைத்து, மறுபடி மாட்டிச் சுற்றின. இந்த முறை சீவல் முழுசாக வந்தது. தூரிகை அதன் நுனியைத் தொட்டுத் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டது. சுருக்கம் மெல்ல விரிந்தது. மெழுகின் நடுவே வெளுத்த நூல்போல ஒரு கோடு தெரிந்தது. அது ஒரு பெண்ணின் மார்பிலிருந்து ஊசி போட்டு எடுத்த சதை.

கட்டிக்குள் இன்னும் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அது தேய்ந்துகொண்டே வந்தது. தீர்ந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும். மறுபடி குத்துவதற்கு அரசுக் காப்பீட்டில் அனுமதி கிடையாது. எப்படியாவது கெஞ்சி அனுமதி வாங்கிக் குத்தி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் கைவிட்டுப் போகும். சென்னையிலிருந்து வந்து போகிற சர்ஜன் அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இன்று புதன்கிழமை.

“சனியன்” என்றாள் ஆரோக்கியமேரி. கட்டியைச் சொன்னாளா, கத்தியைச் சொன்னாளா, காப்பீட்டைச் சொன்னாளா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்த லேப். ரத்தம், சிறுநீர் பார்க்கிற லேப்கள் தெருவுக்கு இரண்டு உண்டு. சதையை மெழுகில் ஏற்றி, வெட்டி, சாயம் போட்டு, டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்குக் கொடுக்கிற லேப் அந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். எந்த ஆஸ்பத்திரியோடும் சேராத தனி லேப். அதுதான் பிறகு வந்த தொல்லைக்கெல்லாம் வேர்.

மேரி இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஷூ கம்பெனியில் ஸ்கைவிங் மிஷினில் உட்கார்ந்தவள். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிற வேலை அது. ஓரம் தடிப்பாக இருந்தால் மடித்துத் தைக்க முடியாது. ரொம்ப மெலிந்தால் தையலில் கிழியும். கத்தி மழுங்கியதைக் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். அந்தப் பிரிவை மூடியபோது கண்ணாடிப் பாத்திரம் கழுவ லேபுக்கு வந்தாள். கத்தி மிஷினில் இருந்தவர் துபாய்க்குப் போனதும், அந்தச் சக்கரத்தை நான் சுற்றிப் பார்க்கிறேனே என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் ஹீனா அப்போதுதான் லேபைத் தன் மாமனாரிடமிருந்து எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தார். பார்த்துவிட்டுப் போங்களேன் என்று விட்டுவிட்டார். வீட்டுக்கு வறுவலுக்கு வாங்குகிற ஆட்டு ஈரலில் ஒரு துண்டு அன்றிலிருந்து, வெட்டிப் பழகுவதற்காக லேபுக்கு வர ஆரம்பித்தது. மேரியின் கணவர் சாமுவேல், தட்டில் ஈரல் குறைந்ததைப் பற்றி இன்றுவரை குறைபட்டுக்கொள்கிறவர். அவள் வெட்டிய ஈரல் சீவல்களை டாக்டர் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பாத நாள் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பாட்டில் எப்படி வந்ததோ அப்படியே எழுதுவாள். மூடி தளர்ந்திருந்தால் தளர்ந்திருந்தது என்று, பேர் அழிந்திருந்தால் அழிந்திருந்தது என்று. வந்ததை வந்தபடி எழுதாவிட்டால், பிறகு டாக்டர் பார்ப்பது நோயா, வழியில் நடந்த கோளாறா என்று தெரியாது.

பெருமாள் அந்தப் பாட்டிலோடு வந்தது திங்கள்கிழமை காலையில். லேப் திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பச்சைத்தோல் கிடங்கில் உப்புப் போடுகிற ஆள். லாரியில் வந்து இறங்கும் ஆட்டுத்தோலை விரித்து, சதைப்பக்கம் மேலாக வைத்து, உப்பை வீசி, அடுக்கி வைக்க வேண்டும். அன்றைக்கே தொட்டியில் இறங்காத தோல் உப்பில்லாமல் கிடந்தால் மறுநாள் மயிர் உதிர்ந்து நாறும். அவன் மனைவி முத்துமாரி வீட்டிலிருந்தபடி ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். கம்பெனிக்குள் உட்கார்ந்து தைத்தால் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு. அதே ஷூவை, அதே நூலால் வீட்டில் தைத்தால் கிடையாது. ஆகவே அவளுக்கு அரசுக் காப்பீட்டு அட்டைதான்.

காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை காலையில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அங்கே சதையைப் பார்க்க டாக்டர் இருந்தார். மெழுகில் ஏற்றும் மிஷின்தான் பழுது. சதை அழுகாமல் காக்கிற ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலைப் பெருமாள் கையில் கொடுத்து, ஆம்பூரில் கொண்டுபோய்க் கொடு என்றார்கள். பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது பை நனைந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். ஆம்பூர் வந்து சேர்ந்தபோது லேப் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு.

மேரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஏதோ நிறைந்திருந்தது.

“இன்னாய்யா இது?”

“உப்புக்கா.”

அவள் பாட்டிலை இறக்கி அவனைப் பார்த்தாள். அவன் அவசரமாகச் சொன்னான்.

“கிடங்கு உப்பு இல்லக்கா, அது அழுக்கு. கடைல புது பாக்கெட்டு கல்லுப்பு வாங்கிப் போட்டேன். தண்ணி மொத்தமா ஒழுகிப் போச்சு. ரெண்டு நாளு அப்படியே வுட்டா அழுகிடுமேன்னு... இதுல தோல்பக்கம் எது, சதைப்பக்கம் எதுன்னு தெர்ல. அதான் சுத்தி மொத்தமும் போட்டேன்.”

மேரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. யார் தலையில் என்பதுதான் தெரியவில்லை. மூடியைச் சரியாகத் திருகாத நர்ஸ் தலையிலா, சனிக்கிழமை சீக்கிரம் பூட்டிய தன் லேப் தலையிலா, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மனைவியின் சதையைக் காப்பாற்றப் பார்த்த இவன் தலையிலா? உப்புக்குள்ளிருந்து நூல்போன்ற அந்தச் சதைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, புது ஃபார்மலினில் போட்டாள். சனிக்கிழமை சில மணி நேரமாவது அவை மருந்தில் ஊறியிருந்ததால் உயிர் பிழைத்திருந்தன. ஆனால் உப்பு தண்ணீரை உறிஞ்சியதில் விறைத்துப் போயிருந்தன. மறுநாள் கத்தியில் வைத்தபோது காய்ந்த அப்பளம்போல நொறுங்கின. பாதி போனது; பாதி தேறியது.

தேறியதில் டாக்டர் ஹீனா பார்த்துவிட்டார். புற்றுநோய். சந்தேகமே இல்லை. செல்கள் உப்பால் சுருங்கியிருந்தாலும் நோயைச் சொல்லப் போதும் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றே அது காட்பாடிக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டுக் கம்ப்யூட்டரில் ஏறியது. ஏறிய வேகத்தில் திரும்பியும் வந்தது.

வெளி லேப் ரிப்போர்ட்டுக்கென்று தனியாக ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: மாதிரி ஃபார்மலினில் பெறப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். மேரி ‘இல்லை’யில் குறி போட்டிருந்தாள். மாதிரி ஏற்கத்தக்கதல்ல, மறு பரிசோதனை செய்க என்று பதில் வந்தது. மறு பரிசோதனைக்கு அனுமதி கேட்டால், ஒரே சேர்க்கையில் ஒரே பரிசோதனை இருமுறை அனுமதிக்கப்படாது என்று அதே கம்ப்யூட்டர் சொன்னது. செய் என்றும் அதுவே சொல்கிறது, செய்யாதே என்றும் அதுவே சொல்கிறது. இரண்டையும் ஒரே நபரிடம் கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

காப்பீட்டு ஆபீஸுக்கு நேரே போன் போட்டுப் பார்த்தாள். தனி லேப்களுக்கு அங்கே பேச இடமில்லை. எதுவானாலும் ஆஸ்பத்திரி வழியாகத்தான் வர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டு கவுண்டரைப் பார்க்கிறவன் பேர் கோபி. அவனுடைய போன் கிடைப்பதற்குள் மேரி ஒரு தட்டு ஸ்லைடுக்குச் சாயம் போட்டு முடித்திருந்தாள்.

“மேடம், ரொம்ப சிம்பிள். அந்தக் கட்டத்துல ஆம்னு மாத்திக் குடுங்க. சாயங்காலமே அப்ரூவல் வந்துடும்.”

“உப்புல வந்ததுக்கு எப்படிங்க ஆம்னு போட்றது?”

“இங்கேர்ந்து கெளம்பும்போது ஃபார்மலின்லதானே கெளம்பிச்சு?”

“கெளம்புனதை அது கேக்கலையே. பெறப்பட்டதான்னு கேக்குது.”

“மேடம், நீங்க லேபா, தமிழ் டீச்சரா?” என்றான் கோபி. இதற்கிடையில் இன்னொரு போனில் யாரிடமோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.

சரி, வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்டாள். காப்பீட்டு ஆபீஸில் மேலே இருக்கிற டாக்டர் பார்த்து விலக்குக் கொடுக்கலாம். அதற்கு ஸ்லைடின் போட்டோ ஏற்ற வேண்டும் என்றான். மைக்ராஸ்கோப் வழியே தெரிந்ததைப் படமெடுத்து அனுப்பினாள். படத்தில் நோயாளி பேர் இல்லை என்று திரும்பியது. பேர் எழுதிய ஸ்லைடைக் கையில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினாள். செல்கள் தெரியவில்லை என்று திரும்பியது. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, டாக்டர் கையெழுத்தோடு அனுப்பினாள். அதற்குப் பதிலாக, நோயாளி ஸ்லைடோடு நிற்கிற படம் வேண்டும் என்று வந்தது. ஆரோக்கியமேரி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுவியே இருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

அன்று மாலை முத்துமாரியே வந்தாள். படம் எடுக்க வந்தவள் படம் எடுக்கவில்லை. விரல்நுனிகளில் மெழுகுநூல் அறுத்த கோடுகளோடு, ஸ்டூலில் உட்கார்ந்து மேரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் கோபி எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

“யக்கா, உப்புன்னு எழுதினா என் உசுரு போவும். எழுதலன்னா உனக்கு இன்னா போவும்?”

மேரி, இந்த ஒரு ரிப்போர்ட்டோடு முடிகிற விஷயமில்லை என்று விளக்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன மருந்து ஏறும் என்று முடிவு செய்கிற சோதனைகளுக்கும் இதே கட்டியிலிருந்துதான் வெட்டுவார்கள்.

“அப்ப பாக்கிற டாக்டருக்கு செல்லு சுருங்கித் தெரியும். நோய்ல சுருங்குச்சா, உப்புல சுருங்குச்சான்னு தெரியாம அவர் ஒண்ணு எழுதிட்டா, அது உன் உடம்புலதாம்மா ஏறும்.”

“மருந்து வரைக்கும் போனாத்தானேக்கா.”

முத்துமாரி எழுந்து, முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, சாயங்கால பஸ் கூட்டமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டில் சாமுவேல் இதைக் கேட்டுவிட்டு, ஒரு கட்டத்தில் குறி மாற்றுவதற்கு இத்தனை பேஜாரா என்றார். அவர் ஆட்டோவுக்கு எஃப்.சி. எடுத்த கதையை எடுத்துவிடும் முன் மேரி தட்டோடு எழுந்துவிட்டாள்.

வழி சொன்னவர் டாக்டர் ஹீனா. புதன்கிழமை காலையில் வந்ததும் வராததுமாகக் கைப்பையை வைத்துவிட்டு மேரியைக் கூப்பிட்டார். ராத்திரி முழுக்க அந்த விதிகளைப் படித்ததில் கண் எரிகிறது என்றார்.

“மேரிக்கா, இது மொத்தமும் வெளி லேப் ரிப்போர்ட்டுக்குத்தான். அவங்க டாக்டரே ஸ்லைடைப் பார்த்து கையெழுத்துப் போட்டா அது உள் ரிப்போர்ட். அந்த ஃபாரமே கெடையாது. கேள்வியும் கெடையாது.”

“நாம வெட்டின ஸ்லைடுதானே டாக்டர்?”

“வெட்டினது யாருன்னு அதுக்குக் கவலை இல்ல. பார்த்தது யாருன்னுதான் கேக்குது.”

“உப்பு?”

“உப்பை அவங்களுக்கு நாம எழுதியே குடுக்கலாம். டாக்டருக்குத் தெரிஞ்சாப் போதும். கம்ப்யூட்டருக்கு எதுக்கு?”

மேரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஆம்பூரில் இருக்கும்வரை செல்லாத கண்ணாடி, பாலாற்றுப் பாலம் தாண்டினால் செல்லுமாம். அவள் வெட்டியது, சாயம் போட்டது, டாக்டர் ஹீனா உட்கார்ந்து பார்த்தது எதற்கும் லேப் பில் போட முடியாது. எல்லாம் ஆஸ்பத்திரி பேக்கேஜுக்குள் அடக்கம் என்று டாக்டரே சொல்லிச் சிரித்தார். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, பெட்டியில் இருக்கிற ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு இன்றே கிளம்புகிறேன் என்றாள்.

அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. ஒருமுறை நிராகரிக்கப்பட்ட ஸ்லைடின் எண்ணைக் கம்ப்யூட்டர் மறுபடி ஏற்காது. புதிதாக வெட்ட வேண்டும், புது எண் போட வேண்டும். அந்த நொறுங்கல் கட்டியிலிருந்து.

அப்படித்தான் அவள் புதன்கிழமை மதியம் பனிக்கட்டித் தண்ணீரும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தாள். அவசரப்பட்டுச் சுற்றினால் நொறுங்கும். ஊறவிட்டு, ஒரு சுற்று. மறுபடி ஊறவிட்டு, ஒரு சுற்று. ஐஸ் கரையக் கரைய கீழே டீக்கடையிலிருந்து வாங்கிவந்தாள். மின்விசிறியை நிறுத்தியிருந்தாள், சீவல் பறந்துவிடும் என்று. வியர்வை கண்ணில் இறங்கியது, தோளில் துடைத்துக்கொண்டாள். கிழிந்தவை கிழிந்தன. முழுசாக வந்தவற்றை வெந்நீரிலிருந்து கண்ணாடியில் ஏந்தி, சூட்டுத் தட்டில் உலர்த்தி, நீலச் சாயத்திலும் ரோஜாச் சாயத்திலும் முக்கி எடுத்தாள். பிற்சோதனைகளுக்கு வேண்டுமே என்று, கட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்திக்கொண்டாள். டாக்டர் ஹீனா ஒவ்வொன்றாகப் பார்த்து, போதும், நன்றாகவே இருக்கிறது என்றார். ஸ்லைடுகளை அட்டைத் தட்டில் அடுக்கி, கட்டியைத் தனியாகச் சுற்றி, உப்பில் வந்த விவரத்தை ஒரு தாளில் எழுதித் தட்டோடு ஒட்டினாள்.

வியாழக்கிழமை காலையில் பெருமாளோடு அவளே பஸ் ஏறினாள். தட்டைத் தன் மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது நெருங்கினால் முழங்கையை நீட்டி மறித்துக்கொண்டே வந்தான். வேலூர் வந்ததும் மெதுவாகக் கேட்டான், தான் செய்ததால்தான் எல்லாம் கெட்டதா என்று.

“உப்பு போட்லன்னா அழுகியிருக்கும். போட்டதால சுருங்கிச்சு. ரெண்டும் நெசம்” என்றாள் மேரி.

அவன் அதை ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்துக்கொண்டே வந்தான்.

கோபியை அவள் திமிர் பிடித்தவனாகக் கற்பனை செய்திருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் இருந்தது தொண்டை கட்டிய, தூக்கமில்லாத ஒரு பையன். அவனைச் சுற்றி அட்டைகளை நீட்டியபடி ஏழெட்டுக் கைகள்.

“நீங்கதான் மேரி மேடமா? போன்ல கேட்டா பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றான். முத்துமாரியின் பேர் நாளைய ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட்டில்தான் இருக்கிறது, தான் எடுக்கவிடவில்லை என்றான். டாக்டர் கையெழுத்து வந்துவிட்டால் மதியத்துக்குள் ஏற்றிவிடலாம். உள் ரிப்போர்ட்டுக்கு அனுமதி உடனே விழும்.

மேரி தட்டோடு கண்ணாடிக் கதவுப் பக்கம் நடந்தாள். கோபி எழுந்து ஓடி வந்தான்.

“மேடம், மேடம். நீங்க உள்ள போவக்கூடாது.”

“ஏன்?”

“வெளி லேப் ஆளு கையால வாங்கினா அது வெளி மாதிரி ஆயிடும். பேஷண்ட் பார்ட்டிதான் குடுக்கணும். ரூல்.”

மேரி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நீட்டியிருந்த அத்தனை கைகளையும் பார்த்தாள்.

“பெருமாளு, இங்க வா. கையைக் கழுவிட்டு வா.”

அவன் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். தட்டை அவன் இரண்டு கைகளிலும் வைத்து, சாயாமல் எப்படிப் பிடிப்பது என்று விரல்களை நகர்த்திக் காட்டினாள்.

“தாள் ஒட்டியிருக்கு. இருந்தாலும் வாயால சொல்லு. ரெண்டு நாளு உப்புல இருந்துச்சுன்னு. மறைக்காத.”

“திட்டுவாங்களாக்கா?”

“திட்டினா வாங்கிக்கோ.”

கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கண்ணாடி வழியே மேரி பார்த்தாள். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் டாக்டர். பெருமாள் மேசைக்கு எட்டியே நின்று என்னவோ சொன்னான். டாக்டர் தலை தூக்கினார். என்ன என்று மறுபடி கேட்டார்போல. கையில் தட்டு இருந்ததால் அவன் முகவாயை மட்டும் அசைத்து அசைத்து, உப்பை எப்படிப் போட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் முழுவதும் கேட்டார். திட்டவில்லை. ஒட்டியிருந்த தாளைக் குனிந்து படித்தார். பிறகு மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார். பெருமாள் ஓர் அடி முன்னால் வைத்து, தட்டைச் சாயாமல் கொடுத்தான்.